ஈரத்தில் நின்று தாகத்தால் வாடிய ஜேட் செடி

சென்ற ஆண்டு தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியைக் கழுவிவிட்டு, தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைக்கும் ஜேட் செடியின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைக்கலாம் என்று ஓர் இலையை இரு விரல்களுக்கு நடுவே பிடித்தேன். பிடித்த மாத்திரத்தில் அது கழன்று கையோடு வந்துவிட்டது. அடுத்த இலையும் அப்படியே வந்தது. கிளையை லேசாகத் தட்டியதும் ஏழெட்டு இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஜேட் இலைக்கே உரிய கெட்டித்தன்மை அவற்றில் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பழுத்த திராட்சையைப் போல ஊடே ஒளி தெரியும்படி மஞ்சளித்திருந்தன. ஒன்றை அழுத்தியபோது தோல் வெடித்துத் தண்ணீர் விரலில் வழிந்தது. குனிந்து தண்டின் அடியைப் பார்த்தேன். மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை அளவுக்குக் கறுத்துச் சுருங்கியிருந்தது.

இந்தச் செடியை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து நர்சரி ஒன்றில் 80 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது அதன் தண்டு என் சுண்டுவிரலைவிட மெல்லியது. நான் அதற்குப் பெரிதாக எதுவும் செய்ததில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை, சில சமயம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவேன். அலுவலக வேலை மும்முரமான மாதங்களில் அதுவும் தவறிப்போகும். அப்படி இருந்தும் அது கட்டைவிரல் பருமனுக்குத் தண்டு பருத்து, நான்கு கிளைகள் விட்டு, கோடைவெயில் படும் பக்கத்து இலைகளின் ஓரம் மட்டும் செந்நிறமாகி, சின்ன ஆலமரம் போல நின்றது. அதைப் பார்ப்பதற்காகவே காலைக் காபியைப் பால்கனியில் குடிக்கும் வழக்கம் எனக்கு வந்தது.

அக்டோபர் முதல் வாரத்தில் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். அம்மா திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா என்பதுதான் அந்த ஊரில் ஆண்டுதோறும் பெரிய கேள்வி. ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் நாளை நல்ல நாளாகக் கொண்டாடுகிறவர்கள் அவர்கள். வாடிய செடியைக் கண்டும் தண்ணீர் ஊற்றாமல் நகர்வது அம்மாவுக்குப் பாவம். காலையில் துளசிக்கு ஊற்றும்போது செம்பருத்திக்கும், செம்பருத்திக்கு ஊற்றும்போது பக்கத்தில் நிற்கும் ஜேடுக்கும் ஒரு சொம்பு ஊற்றியிருக்கிறார். மூன்றாம் வாரத்தில் ஜேடின் இலைகள் லேசாகத் தொய்ந்தபோது, ‘வாடிக் கெடக்குடி, நீ கவனிக்கவே மாட்டேங்கிறே’ என்று சொல்லி, அன்று முதல் சாயங்காலமும் ஒரு சொம்பு ஊற்றத் தொடங்கியிருக்கிறார். அதற்குள் வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டது. சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேலானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அந்த நாட்களின் காற்றில் துவைத்துப் போட்ட துணியே இரண்டு நாளானாலும் காய்வதில்லை. தொட்டி மண் எப்படிக் காயும்?

அம்மா பார்த்தது பொய்யில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இலை தொய்ந்திருந்தது, செடி உண்மையாகவே தாகத்தில்தான் இருந்தது. நீர் அதிகமாகி அழுகும் செடியைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கிறது: வெள்ளத்தில் நிற்கும் செடி தண்ணீர் கிடைக்காமல்தான் சாகிறது. இலை வரைக்கும் நீரை ஏற்றித்தர வேண்டிய வேர் செத்துவிட்டதால், அடியில் குளம் போல ஈரம் இருந்தும் மேலே வறட்சி. அந்த வறட்சியைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம், எஞ்சிய வேரும் போகிறது.

வேருக்கும் மூச்சு வேண்டும். நல்ல மண்ணில் மணலுக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள சிறு இடுக்குகளில் காற்று இருக்கும். வேரணுக்கள் அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அந்த இடுக்குகளை நீர் நிரப்பிவிட்டால், ஆக்சிஜன் நீருக்குள் கரைந்து ஊடுருவித்தான் வேரை அடைய வேண்டும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் அது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவுகிறது. மூச்சுத் திணறும் வேரணுக்களின் உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. அப்போது அவற்றின் சவ்வில் நீர் புகுவதற்கென்று இருக்கும் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. ஆகவே வேர் அழுகத் தொடங்குவதற்கு முன்பே நீர் உறிஞ்சுவது குறைந்துவிடுகிறது. அழுகல் அதற்குப் பிறகு வருகிறது. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற வேரழுகல் உயிரிகளின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை. நீர் தேங்கிய மண் அவற்றுக்கு நெடுஞ்சாலை. நலிந்த வேரை அவை எளிதில் பிடித்துக்கொள்கின்றன.

அப்படியானால் பக்கத்திலிருந்த செம்பருத்திக்கும் அதே சொம்புத் தண்ணீர்தானே, அதற்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அம்மா கேட்டார். மிகச் சரியான கேள்வி. செம்பருத்தி பகல் முழுவதும் இலைத்துளைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, வேர் உறிஞ்சிய நீரைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் ஊற்றியதை மாலைக்குள் குடித்துத் தீர்த்துவிடும். ஜேட் அப்படியன்று. அது பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அதை மாலிக் அமிலமாக இலைக்குள் சேமித்துக்கொள்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம்தான் இது. மறுநாள் வெளிச்சம் வந்ததும், கதவைத் திறக்காமலே அந்தச் சேமிப்பைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு அறிவியலில் வைத்திருக்கும் பெயரே ஜேட் செடியின் குடும்பமான கிராசுலேசியேயிலிருந்து வந்தது.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் பகுதியில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்து, 1819இல் சென்னையில் காலமான பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் கடும் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசப்பாகவும் இருப்பதை மென்று பார்த்து, 1813இல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் லின்னேயன் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ரணகள்ளி ஜேடின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இலையைக் கட்டிப்போட்டாலும் ஓரத்திலிருந்து கன்று முளைப்பதால் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று நம் ஊர்களில் பெயர் வாங்கிய செடி. அதில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள் உண்டு; ஆகவே ஹெய்ன் செய்ததை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ஜேட் இவ்வளவு சிக்கனமாக நீரைச் செலவழிப்பதால், செம்பருத்தி ஒரு நாளில் முடிக்கும் வேலைக்கு ஜேடின் தொட்டி பல நாட்கள் எடுத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் அது இன்னும் நீளும். அம்மா ஊற்றிய இரண்டாவது சொம்பு முதல் சொம்பின் மேல் விழுந்தது. மூன்றாவது அவ்விரண்டின் மேல்.

அன்று காலையிலேயே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தேன். சந்தேகம் வந்தபின் ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவதுதான் இந்த விஷயத்தில் பெரிய தவறு என்பது என் கருத்து. இலை சுருங்கியிருக்கிறது, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் வேரைப் பார்த்துவிட வேண்டும். மண் காய்ந்து இலை சுருங்கியிருந்தால் அது வெறும் தாகம்; அப்போது இலை பச்சையாகவே மெலிந்து, வளைத்தால் ஒடியாமல் வளையும், ஒரு முறை நீர் ஊற்றினால் இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். இலையைப் பார்த்து மட்டும் தீர்மானித்தால் ஏமாந்துவிடுவோம், மண்ணையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

செய்தித்தாளை விரித்துத் தொட்டியைச் சாய்த்தேன். வழக்கமாகக் கொஞ்சம் தட்ட வேண்டியிருக்கும். இது வழுக்கிக்கொண்டு வந்தது. முதலில் மூக்கில் ஏறியது சாக்கடை வாசம். மண்ணை விரலால் உதிர்த்தபோது, வெளிப்பக்கத்து வேர்கள் பழுப்பு நிறக் கூழாகி, இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் விறைப்பாக எதிர்த்து நிற்கும். அப்படி ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. இன்னும் உள்ளே போனபோது எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக ஓர் உருண்டை கையில் தட்டியது. கழுவிப் பார்த்தால், நாற்று வளர்க்கும்போது நர்சரியில் சுற்றி வைத்த மெல்லிய நைலான் வலை. அதற்குள் கோகோபீட் என்று நாம் சொல்லும் தென்னைநார்க்கழிவு. நான்கு ஆண்டுகளாக அது செடியின் நடுமையத்தில் அப்படியே இருந்திருக்கிறது. பிழிந்தேன், பஞ்சிலிருந்து கொட்டுவது போல நீர் கொட்டியது.

பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் குவிந்து, கட்டிகளாக அழுத்தப்பட்டு உலகெங்கும் போகிற இந்த நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கக்கூடியது. விதை முளைக்க வைக்கவும், கீரைக்கும், கத்தரி நாற்றுக்கும் அதைவிட நல்ல பொருள் இல்லை. எடை குறைவு, வண்டியில் தூரம் போகும், செடி வாடாது என்பதால் நர்சரிக்காரர்கள் எல்லாச் செடிக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். அவர்கள் நோக்கில் அது நியாயம்தான். ஆனால் சதைப்பற்றுள்ள செடியை வாங்கி வந்தவர்கள் அதை அதே ஊடகத்தில் விட்டுவைப்பது ஆபத்து. வாங்கிய வாரத்திலேயே நான் அந்த வலையைக் கத்தரித்து எடுத்திருக்க வேண்டும். என் அலட்சியத்தால் நான்கு கோடைகளில் செடி தப்பித்தது. அம்மாவின் அக்கறையில் ஒரே மாதத்தில் குற்றம் வெளிப்பட்டது. குற்றம் என்னவோ முதல் நாளிலிருந்து மண்ணில்தான் இருந்தது.

வேர் முழுவதும் போய்விட்டதால் தண்டைக் காப்பாற்ற முடியுமா என்பதே கேள்வி. சவரப் பிளேடு ஒன்றை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைத்து, கறுத்த பகுதிக்கு மேலே குறுக்காக வெட்டினேன். வெட்டுமுகத்தில் நடுவில் பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. நீரையும் உணவையும் கடத்தும் குழாய்கள் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. அழுகல் முதலில் அந்த வழியாகத்தான் மேலே ஏறும். வெளித்தோல் பச்சையாக இருப்பதை நம்பி அங்கேயே நிறுத்தினால், நட்ட பத்தாம் நாள் மறுபடி கறுக்கும். பிளேடைத் துடைத்துவிட்டு அரை அங்குலம் மேலே வெட்டினேன். வளையம் மெலிந்திருந்தது, மறையவில்லை. மூன்றாம் வெட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் மிளகளவுக்குப் புள்ளி. நான்காம் வெட்டு கிளைகள் பிரியும் இடத்துக்கு வந்துவிட்டது. அந்த முகம் வெள்ளரிக்காயை நறுக்கினாற்போல வெளிர்ப்பச்சையாக, கறையே இல்லாமல், பளபளவென்று ஈரத்தோடு இருந்தது. நான்கு ஆண்டுகளில் பருத்த அடித்தண்டு முழுவதும் செய்தித்தாளில் துண்டுகளாகக் கிடந்தது. கையில் மிஞ்சியவை நான்கு கிளைகள். அவற்றிலும் ஒன்றின் உள்ளே பழுப்பு ஏறியிருந்ததால் அதைக் குப்பையில் போட்டேன். அதைப் போடும்போது மனம் கனத்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வந்தார். காயம் பட்ட இடத்தில் மஞ்சள் வைப்பது அவர் கை பழகிய வைத்தியம். இரண்டு கிளைகளுக்கு அவர் மஞ்சள் தடவினார், மூன்றாவதை நான் அப்படியே விட்டேன். மூன்றும் ஒரே மாதிரிதான் ஆறின என்பதால், மஞ்சள்தான் காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். கெடுதல் செய்யவில்லை என்பது உறுதி. பூஞ்சைக்கொல்லி மருந்து வாங்கலாமா என்று பலர் யோசிப்பார்கள். பரவலாகக் கிடைக்கும் கார்பெண்டசிம் உண்மையான பூஞ்சைகளின் மேல் வேலை செய்யும். பித்தியமும் பைட்டோப்தோராவும் பூஞ்சை போலத் தோற்றமளித்தாலும் வேறு இனம், அவற்றை அது தொடுவதில்லை. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை நல்லது, ஆனால் அதை மண்ணில் முன்கூட்டியே கலந்து வைத்தால்தான் பயன். அழுகிய பின் ஊற்றினால் அதுவும் ஒரு சொம்புத் தண்ணீராகவே போய்ச் சேரும். அழுகிய செடிக்கு உரம் போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேர் இல்லாத இடத்தில் உப்பைக் கொட்டுவது அது.

வெட்டிய கிளைகளை ஒரு முறத்தில் செய்தித்தாள் விரித்துக் கிடத்தி, புத்தக அலமாரியின் மேலே, நேர்வெயில் படாத இடத்தில் வைத்தேன். வெட்டுக்காயம் காய்ந்து மூடிக்கொள்ளும் வரை மண்ணில் வைக்கக் கூடாது. கோடையில் இதற்கு நான்கைந்து நாள் போதும். நவம்பரின் ஈரக்காற்றில் மூன்றாம் நாளும் வெட்டுமுகம் பிசுபிசுவென்று இருந்ததால், மின்விசிறியை இரவிலும் மெதுவாக ஓடவிட்டேன். ஏழாம் நாள் ஓரங்கள் உள்வாங்கி, நடுப்பகுதி மரப்பட்டை போல உலர்ந்து, நகத்தால் தட்டினால் ‘டிக்’ என்று ஒலித்தது. பத்தாம் நாள் வரை பொறுத்தேன்.

அந்தப் பத்து நாட்கள் அம்மாவுக்குத்தான் கடினமாக இருந்தன. மண்ணுமில்லை, தண்ணீருமில்லை, இலைகள் நாளுக்கு நாள் கொஞ்சம் சுருங்கிக்கொண்டே வந்தன. ‘ஒரு ஈரத்துணியாவது சுத்தி வைக்கலாமேடி’ என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்ல வந்தபோது நான் வாசற்கதவைத் திறந்து காட்டினேன். திருஷ்டிக்காக அம்மாவே சென்ற தை மாதத்தில் கட்டிவிட்டுப் போன சோற்றுக்கற்றாழை, நிலைப்படிக்கு மேலே வேரோடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிமடல்கள் இரண்டு வாடியிருந்தன. குருத்து மட்டும் தலைகீழாகத் தொங்கிய நிலையிலும் வளைந்து மேல்நோக்கி, பசுமையாக நின்றது. பத்து மாதமாக அதற்கு யாரும் ஒரு துளி தண்ணீர் விட்டதில்லை. அம்மா வெகுநேரம் அதை அண்ணாந்து பார்த்தார். ‘ஆமா, இதுவும் அந்தச் சாதிதானே’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு ஈரத்துணிப் பேச்சு எழவில்லை.

இடையில் மண்கலவையைத் தயார் செய்துகொண்டேன். உடைத்த செங்கல்லைப் பட்டாணி அளவுக்கும் சற்றுக் கீழாகவும் சலித்து எடுத்தேன். ஆற்று மணல் கிடைக்காததால் பக்கத்துக் கட்டட வேலையிடத்தில் கேட்டு எம்-சாண்ட் ஒரு பை வாங்கி வந்தேன். அதில் மாவு போன்ற தூசி நிறைய இருக்கும், அது அடைத்துக்கொண்டால் நீர் வடியாது. ஆகவே மாவுச் சல்லடையில் சலித்து, மேலே நின்றதை மட்டும் மூன்று தண்ணீர் கழுவிக் காயவைத்தேன். இவை இரண்டும் சம அளவு, செம்மண் அதே அளவு, மக்கிய இலை உரம் ஒரு கைப்பிடி. கையில் அள்ளி நனைத்துப் பிடித்துப் பார்த்தால் உருண்டை நிற்காமல் உதிர வேண்டும். கொழுக்கட்டை பிடிக்க வந்தால் அந்தக் கலவை ஜேடுக்கு ஆகாது.

பழைய பீங்கான் தொட்டியை ஒதுக்கிவிட்டு, பூச்சு இல்லாத சாதாரண மண்தொட்டியை எடுத்தேன். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணத்தால் மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகிப் போகும். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் ஜல்லியைப் பரப்பிவிட்டு மேலே மண் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலேயுள்ள மண் முழுக்க நிறைந்து வழியும் வரை தன்னிடமே பிடித்துக்கொள்ளும். அதனால் நீர் தேங்கும் மட்டம் ஜல்லி அளவுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டி நின்றதும் அதையே நெட்டுக்குத்தலாகத் திருப்புங்கள், மறுபடி நீர் சொட்டும். உயரம் கூடினால் வடிவது கூடும், ஆழமற்ற தட்டுத் தொட்டியில் ஈரம் தங்குவது இதனால்தான். துளை வழியாக மண் ஒழுகாமல் இருக்க ஓர் ஓட்டுச்சில்லு வைத்தால் போதும், மற்றபடி அடி முதல் நுனி வரை ஒரே கலவையாக இருப்பதே நல்லது.

மூன்று கிளைகளையும் ஒரே தொட்டியில் காய்ந்த கலவையில் இரண்டு கணு மூழ்கும்படி நிறுத்தி, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் செங்கல் துண்டுகளை முட்டுக்கொடுத்தேன். தண்ணீர் ஊற்றவில்லை. வேர் இல்லாத தண்டுக்கு ஊற்றும் நீர் அழுகலுக்குத்தான் போகும். இலைகளில் இருக்கும் சேமிப்பைக் கொண்டு அது வேர்விடட்டும் என்று விட்டுவிட்டேன். நட்ட பதினெட்டாம் நாள் ஒரு கிளையை மிக மெதுவாக மேலே இழுத்துப் பார்த்தேன். முன்பு தளர்வாக அசைந்தது, இப்போது மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. விரல் நுனியில் அந்தச் சிறு மறுப்பை உணர்ந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் தண்ணீரை அவர்தான் ஊற்றினார், அடித்துளையில் வடியும் வரைக்கும், ஒரே முறை.

எல்லாச் செடியையும் காப்பாற்றிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அதே பால்கனியில் அதே மழையில் இரண்டு எச்சிவேரியாக்கள் போய்விட்டன. மெக்சிகோவின் மேட்டுநிலங்களில் குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய ரோஜா வடிவச் செடி அது. சென்னையின் வெக்கையான இரவில் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தது. நடுக்குருத்து கறுத்துவிட்டால் அதில் செய்வதற்கு அதிகமில்லை. கெடாத இலைகளை அடி முழுசாக வருமாறு பக்கவாட்டில் அசைத்துப் பறித்து, காய்ந்த மண்ணின் மேல் பரப்பி வைக்கலாம். ஒன்பது இலைகள் வைத்ததில் இரண்டு மட்டும் சிவந்த நூல் வேர் விட்டன. ஹவார்த்தியா என்ற இன்னொரு சதைப்பற்றுள்ள செடி அடியிலைகளை மட்டும் இழந்து தப்பித்தது.

உதிர்ந்துபோன ஜேட் இலைகளிலும் கெட்டியாக இருந்த ஆறை எடுத்து வைத்திருந்தேன். அவற்றில் நான்கின் அடியில் மார்கழி முடிவதற்குள் வேரும், பிறகு அரிசி அளவில் குருத்தும் வந்தன. ஒன்று இப்போது திருவையாற்றுப் பக்கம் அம்மா வீட்டுத் திண்ணையில், துளசிமாடத்திலிருந்து நல்ல தூரத்தில் இருக்கிறது. தூரத்தை அம்மாவே தேர்ந்தெடுத்தார்.

பெரிய தொட்டிக்கு வருகிறேன். தை பிறந்த வாரத்தில் மூன்று கிளைகளின் நுனியிலும் புது இலைச்சோடி தெரிந்தது. ஜேடில் ஒவ்வொரு சோடியும் தனக்குக் கீழுள்ள சோடிக்குக் குறுக்காகத் திரும்பியே விரியும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல இருக்கும். சுருங்கியிருந்த பழைய இலைகளில் பாதி மறுபடி உப்பி நிமிர்ந்தன. மிகவும் வற்றியவை காய்ந்து தானாக உதிர்ந்தன.

நாட்கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவதை நான் விட்டுவிட்டேன். சித்திரையில் ஒரு வாரத்தில் காயும் மண் ஐப்பசியில் மூன்று வாரமானாலும் காயாது. இப்போது இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, துடைப்பத்திலிருந்து உருவிய தென்னை ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடி வரை செருகி, கால்மணி நேரம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னொன்று, சமையலறைத் தராசு. தண்ணீர் ஊற்றி வடிந்தபின் தொட்டியின் எடை 1,420 கிராம், முழுவதும் காய்ந்தபின் 1,090 கிராம் என்று தொட்டியின் விளிம்பிலேயே சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கூப்பிடும்போது என் உடம்பை விசாரித்த கையோடு, ‘செடி எத்தனை இருக்கு?’ என்று அந்த எண்ணைக் கேட்கிறார். இன்று காலை 1,170. இன்னும் நான்கைந்து நாள் ஆகும் என்று சொன்னேன். சரி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்கிறேன் என்றார்.